பேரம் பேச ஆளில்லை

கறாரக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. அவரிடம் வாடகைக்கு இருந்த யாரோ ஒரு தொழிலாளி, பேரத்தில் தோற்ற எரிச்சலில் வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவருடைய வீட்டுக்காரரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான். தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் அதட்டுவார். அதட்டலில் கோபம் இருக்காது.

எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த எனக்கு அவர் பேரம் பேசுவதைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. மணல் லாரிக்காரர், குழாய் மாட்டுபவர், பெயின்டர், யார் வந்து விலை சொன்னாலும் உடனே பதில் சொல்லமாட்டார். கையைத் துடைத்துக்கொள்வார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். வீட்டில் எல்லோரும் சுகமா, பிள்ளை என்ன படிக்கிறான் என்று விசாரிப்பார். அதற்குள் விலை சொன்னவருக்கே வாய் தவறி அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பித்துவிடும். எதிராளி எங்கே இளகுவார், எங்கே முறுக்கிக்கொள்வார் என்பது அக்காவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். கடைசியில் இரண்டு பேரும் தாங்கக்கூடிய ஒரு விலையில் வந்து நிற்பார். அவரிடம் ஏமாந்தேன் என்று வயிறெரிந்து போனவர்கள் கிடையாது. அதனால்தான் அடுத்த வேலைக்கும் அவர்களே வந்தார்கள்.

அப்படிப் பேசிப் பேசியே கட்டியதுதான் அவருடைய வீடு. வீட்டுக்காரர் தெருக்கோடியில் இருந்த மோட்டார் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரிவில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் இருக்கும் இடம் தெரியாத மனிதர். அவர் கொண்டுவந்த சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, முதலில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் எழுப்பினார் அக்கா. அந்த அறைகளின் வாடகையில் இன்னும் இரண்டு. அப்புறம் மாடி. சூளையில் முனை உடைந்த செங்கல்லைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்கி, உடைந்த பக்கம் சுவருக்குள் போகும்படி கொத்தனார் பக்கத்திலேயே நின்று அடுக்கவைத்தார்.

“வேலை அவங்களோடது, எப்ப வேணா எடுத்துக்குவாங்க. ரூம் நம்மளோடது” என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் அத்தனை வருஷம் உழைத்தார்.

ஒவ்வொரு அறையிலும் மூன்று நான்கு பேர். எல்லோரும் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன கட்டிலில் இரவு ஷிப்டுக்காரர் வந்து விழுவார். குழாயடியில் எப்போதும் வாளி வரிசை. கொடியில் எண்ணெய்க்கறை போகாத நீலச் சட்டைகள். பகலில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் அந்த வீட்டில் சத்தமாகப் பேசும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான். காய்ச்சல் என்று படுத்தால் வெந்நீரும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். கொடுத்துவிட்டு, குழாயை ஒழுங்காக மூடாததற்குத் திட்டுவதும் அவர்தான்.

தொழிற்சாலை கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு மாதம் பிறந்தால் எங்கள் தெருவுக்குள் நடந்து வந்துவிடும். அக்காவுக்கு வாடகை, எனக்கு நகல் எடுத்த காசு, முக்கில் டீக்கடை, அதற்கடுத்து சலூன். தெருவே அப்படித்தான் பிழைத்தது.

இயந்திரக் கைகள் வந்த செய்தியை முதலில் கொண்டுவந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பேசினார். மஞ்சள் நிறத்தில் ஒரு கை, தோளிலிருந்து கீழே மட்டும், உடம்பே கிடையாது என்று வாசலில் நின்று தன் கையை ஆட்டிக் காட்டினார். அவர் பிரிவில் தகடு வெட்டும்போது விரலைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. இனி யாருக்கும் விரல் போகாது என்பதில் அவருக்கு உண்மையான சந்தோஷம். தெருவில் யாரும் பயப்படவில்லை. அந்த வேலையைச் செய்தவர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை என்பதால் எங்களுக்கு விஷயம் புரியவே நாளாயிற்று. ஒப்பந்தம் முடிந்தவர்களுக்குப் புதுப்பிக்கவில்லை. வயதானவர்களுக்கு ஒரு தொகை கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பினார்கள். போனவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. வீட்டுக்காரரும் அப்படித்தான் முன்னதாகவே ஓய்வு பெற்று வந்து வீட்டில் உட்கார்ந்தார்.

அக்காவின் மாடியில் கடைசி அறையில் ரொம்பக் காலமாக இருந்தவர் ஒரு கிரேன் ஓட்டுநர். அவர் ஒருநாள் அக்காவிடம் விஷயத்தை விளக்கிச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அந்தக் கைகள் தொழிற்சாலைக்குச் சொந்தமில்லையாம். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் அவற்றை வாடகைக்கு விட்டிருக்கிறது. செய்து முடிக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் இவ்வளவு என்று தொழிற்சாலை அங்கே கட்டுகிறது.

“அப்ப மெஷினும் வாடகைக்குத்தான் வந்திருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரூம் குடுத்திருப்பேனே” என்றார் அக்கா.

கிரேன்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வாடகைக்கு விடுவது என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர். இத்தனை பேர் சம்பளமாகப் பிரிந்து தெருத்தெருவாக வந்த காசு இப்போது ஒரே கைக்குப் போகிறது, அந்தக் கை இந்தத் தெருவில் இல்லை என்பது அவருக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை.

அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அக்கா வெள்ளையடித்துப் பார்த்தார். வாசலில் பலகை மாட்டினார். அதை என் கடையில்தான் அச்செடுத்தார். முதல் பலகையில் வாடகை பழைய வாடகை. அடுத்ததில் குறைத்திருந்தார். எதிரே ஆளே இல்லாமல் தானாக விலையை இறக்கிய அந்த நாளில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இறக்கியும் யாரும் வரவில்லை. அந்தக் கோடிக்கு வருகிறவர்கள் தொழிற்சாலைக்காகத்தான் வந்தார்கள். அதில் வேலை இல்லையென்றால் அங்கே வந்து குடியிருக்க யாருக்கு என்ன தலையெழுத்து?

கடைசியாகப் போனவர் கிரேன்காரர். கிரேன் இப்போது தானே தூக்கித் தானே இறக்குகிறது என்றார். ஊரில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அவர் போன பிறகும் அக்கா தினமும் எல்லா அறைகளையும் பெருக்கினார். ஜன்னல்களைத் திறந்து வைத்தார். துருப்பிடித்துவிடக் கூடாது என்று குழாய்களைத் திருகித் தண்ணீர் விட்டார். வீட்டுக்காரர் அவர் பின்னாலேயே துடைப்பத்தோடு போவார்.

அந்தச் சமயத்தில்தான் இடம் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் தெருவை முழுதாக வாங்கிச் சரக்குக் கிடங்கும், ஓட்டுநர் இல்லாத லாரிகள் நிற்க இடமும் கட்டப்போகிறார்கள் என்று சொன்னாள். கையில் ஒரு டேப்லெட். வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு அறையையும் அதில் படம் பிடித்தாள். அவள் கூடத்துக்குத் திரும்பி வருவதற்குள் திரையில் விலை வந்துவிட்டது.

அக்கா விலையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தம்பிக்குப் படிப்பு, இவளுக்கும் ஒப்பந்த வேலைதான். பேசப் பேச அவள் முகம் இளகியது. சரியான நேரம் பார்த்து அக்கா ஆரம்பித்தார்.

“நான் என் விலையைச் சொல்லட்டுமாம்மா?”

“சொல்லுங்கக்கா. ஆனா அதைப் போட இதுல இடமில்லை. சம்மதம், சம்மதமில்லைன்னு ரெண்டே பட்டன்தான்.”

“சரி, விலை போட்டவரைக் கூப்பிடு. நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன்.”

“ஆள் யாரும் போடலைக்கா. தெருவுல என்ன வாடகை போகுது, எத்தனை ரூம் காலி, வீட்டுக்கு என்ன வயசு, எல்லாம் பாத்து அதுவே போட்டுடுது. எனக்குப் படம் எடுக்கறது மட்டும்தான் வேலை.”

அக்கா அந்தத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு முகத்தைத் தேடினார் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு டேப்லெட்டை அவளிடமே கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

பேச ஆளில்லை என்றால் ஆள் வரும்படி செய்ய வேண்டும் என்பது அக்காவின் அடுத்த யோசனை. தெருக்காரர்கள் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். யாரும் தனியாக விற்கக் கூடாது, எல்லோரும் ஒரே வாயாக நின்றால் நம் விலைக்கு இறங்கி வந்துதானே ஆக வேண்டும் என்றார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. டீக்கடைக்காரர்தான் உரக்கத் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவர் போனுக்கும் ஒவ்வொரு விலை வந்தது. டீக்கடைக்காரருக்கு நல்ல விலை, ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு பெண்கள். அவர் விற்றார். அடுத்தவருக்கு விலை குறைந்தது. இன்னும் குறைவதற்குள் என்று அவரும் விற்றார். சலூன்காரர் யாரிடமும் சொல்லாமல் விற்றுவிட்டு, முடிவெட்டும் நாற்காலியை வண்டியில் ஏற்றும்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அப்புறம் நான். ஆளில்லாத தெருவில் யாருக்கு நகல் எடுப்பது? அக்காவிடம் போய்ச் சொன்னேன். எனக்கு வந்திருந்த விலையைக் கேட்டுக்கொண்டார்.

“குடுத்துடு தம்பி. நாளைக்கு இதுவும் இருக்காது” என்றார்.

ஆனால் அவர் மட்டும் விற்கவில்லை. கடைசியாக நிற்கிறவருக்குத்தான் அதிக விலை, இது காலகாலமாகப் பேரத்தில் உள்ள நியாயம் என்பது அவர் நம்பிக்கை. நடுத்தெருவில் ஒரு வீடு விற்காமல் நின்றால் அவர்களால் எப்படிக் கிடங்கு கட்ட முடியும்? வந்து கெஞ்சத்தானே வேண்டும்?

யாரும் வந்து கெஞ்சவில்லை. விலை குறைந்துகொண்டே போனது. டேப்லெட் பெண்ணுக்கே மனசு கேட்காமல், வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது அக்காவைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். கிடங்கின் வரைபடமும் நிலையானது இல்லையாம். விற்காதவர்களை விட்டுவிட்டு அது தினமும் தன்னைத்தானே புதிதாக வரைந்துகொள்கிறதாம். லாரி திரும்பும் வழியை மறுபக்கம் மாற்றிவிட்டது. அக்காவின் வீடு இப்போது அதற்கு வேண்டியதில்லை. வாங்கினால் சரி, வாங்காவிட்டாலும் சரி.

“வேண்டாம்னு ஆகிட்டா என்னம்மா பண்றது?” என்று கேட்டார் அக்கா. அந்த மாதத்தோடு தனக்கும் ஒப்பந்தம் முடிகிறது என்று மட்டும் சொன்னாள்.

அக்கா விடவில்லை. நகரத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும், துணைக்கு வா என்றார். போனோம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய கூடம், நாலைந்து மேசைகள். ஒரு மேலாளர் எங்களை உட்காரவைத்து, அக்கா சொன்னதை முழுதாகக் கேட்டார். மரியாதையான மனிதர். அக்காவும் நம்பிக்கையோடு ஆரம்பித்தார். முகம் இருந்தது, குரல் இருந்தது, இளகுவதற்கு ஒரு மனசும் இருந்தது. ஆனால் அவர் கையில் எதுவுமே இல்லை. விலையை அவர் ஏற்றினால், ஏன் ஏற்றினாய் என்று விலை போடும் அந்த ஏற்பாடே அவரைக் கேள்வி கேட்குமாம். போன வருஷம் இதே கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள், இப்போது நாங்கள் நாலு பேர் என்றார்.

“உங்களுக்கு மேல முதலாளின்னு ஒருத்தர் இருப்பார் இல்ல? அவரைப் பாக்கணும்” என்றார் அக்கா.

“அப்படி ஒருத்தர் இல்லைங்கம்மா. பணம் போட்டவங்க லட்சக்கணக்குல இருக்காங்க. இதுல பெரும்பங்கு வெச்சிருக்கிறதும் ஒரு கம்பெனிதான், அதுக்கு மேல இன்னொண்ணு. சம்பளக்காரங்களோட வருங்கால வைப்பு நிதிப் பணம்கூட இதுல வருது. உங்க பிள்ளைங்க யாராவது வேலை பாத்தா அவங்க பணமும் இருக்கலாம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா தன் மகளுக்கு போன் போட்டார். மகள் வேறொரு நகரத்தில் மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவள் தன் வைப்பு நிதிக் கணக்கில் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். இருக்கிறது என்றாள். ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. தன்னைக் கேட்டுப் போடவில்லை, நிதியை நிர்வகிப்பவர்கள் போட்டது என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள் போலிருக்கிறது. அழாதே, நீ என்ன பண்ணுவே என்று அக்கா இங்கிருந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். யார்மீதாவது கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யார்மீது படுவது?

அதற்கப்புறம் அவர் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. சுற்றிலும் வீடுகளை இடித்தார்கள். இடிக்கும் இயந்திரத்திலும் ஆளில்லை. தூசி அடங்குவதற்குள் அக்கா துணியெடுத்து ஜன்னல்களைத் துடைப்பார். மறுபடி தூசி வரும். ஒருநாள் வீட்டுக்காரர், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அக்காவுக்கு முந்திக்கொண்டு முடிவைச் சொன்னார்.

“குடுத்துடலாம். எனக்கு மூச்சு முட்டுது” என்றார்.

முதலில் வந்த விலையில் பாதிகூட இல்லை. போனில் சம்மதம் என்ற பட்டனை அமுக்கும்போது, இதுக்கு மேல ஒரு சின்னத் தொகையாவது போட்டுக் கொடுங்க, ஒரு மரியாதைக்கு, என்று அக்கா திரையைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. பிறகு விரலை வைத்தார்.

வந்த பணத்தை என்ன செய்வது என்று மகள்தான் யோசனை சொன்னாள். இனிமேல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத்தான் வருமானம், நாமும் அந்தப் பக்கம் போய்விடலாம் என்றாள். பெரும்பகுதியை இயந்திரங்களை வாடகைக்கு விடும் நிறுவனங்களின் பங்குகளில் போட்டாள். அக்கா தடுக்கவில்லை. ஆனால் தன் இயந்திரம் எது, எங்கே இருக்கிறது, அதைப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அப்படித் தனியாகக் காட்ட முடியாதும்மா, எல்லா இடத்திலும் துளித்துளி என்று மகள் விளக்கினாள். எல்லாத்தையும் சேர்த்தா என்ன வரும் என்று கேட்டார். ஓர் இயந்திரக் கையில் ஒரு திருகாணி வரலாம் என்று மகள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். அக்காவுக்கு அது சிரிப்பாக இல்லை. திருகாணிக்கு யாரிடம் வாடகை கேட்பது, அது கழன்றால் யார் முடுக்குவது என்று அவர் உண்மையாகவே கேட்டார். மாதாமாதம் ஏதோ ஒரு தொகை வருகிறது. ஏறுகிறது, இறங்குகிறது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

இப்போது அவர்கள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. போன தடவை நான் போனபோது வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தெருவைப் பார்க்கணும் தம்பி, கூட்டிட்டுப் போறியா என்று அக்கா மெதுவாகக் கேட்டார். ஏற்கெனவே அவர் தனியாகப் போக முயன்றிருக்கிறார். அந்தப் பக்கம் இறங்க ஆளில்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம்.

என் ஸ்கூட்டரில் போனோம். தெரு இருந்த இடத்தில் உயரமான சாம்பல் நிறச் சுவர். பெயர்ப்பலகை இல்லை, காவலாளி இல்லை. எங்கள் வீடுகள் எந்த இடத்தில் இருந்தன என்று கணக்கிட ஒரு மரம்கூட விட்டுவைக்கவில்லை. சுவரில் ஓரிடத்தில் அகலமான வாயில். அக்கா அதற்குள் எட்டிப் பார்க்கப் பாதையின் குறுக்கே போனபோது, உள்ளேயிருந்து ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அக்காவைக் கண்டதும் நாலடி தள்ளிச் சத்தமில்லாமல் நின்றது.

அக்கா ஒதுங்குவார் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. லாரியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஹாரன் அடிக்கவில்லை, விளக்கைக்கூடச் சிமிட்டவில்லை. யாராவது இறங்கி வந்து, என்னம்மா வேண்டும், ஏன் வழியை மறிக்கிறீர்கள் என்று கேட்பார்கள் என்று அவர் காத்திருந்தார் போல. கேட்டிருந்தால் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. வரிசை உள்ளே எவ்வளவு தூரத்துக்கு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு முழங்கால் வலித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக வந்தார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

“போகலாம் தம்பி. அவர் எழுந்திருச்சிருப்பார், காணோம்னு தேடுவார்” என்றார்.